அன்னூர் பக்கம் வீட்டுக்கு போர்: எத்தனை அடி, எவ்வளவு தண்ணீர், என்ன செலவு?

கேள்வி இது: கோவை மாவட்டம் அன்னூர் பக்கத்தில் 5 சென்ட் மனை. வீட்டு வேலை தொடங்கும் முன் போர் போட வேண்டும். "இந்தப் பக்கம் ஆயிரம் அடி போகாமத் தண்ணி கிடையாதுங்க" என்கிறார் ஒருவர். இரண்டு மனை தள்ளி இருப்பவரோ 450 அடி போரிலேயே பல வருடமாகக் குடும்பம் நடத்துகிறார். யார் சொல்வது சரி? எத்தனை அடி போடலாம், எவ்வளவு தண்ணீர் எதிர்பார்க்கலாம், கையில் எவ்வளவு பணம் வைத்துக்கொள்ள வேண்டும்?

நான் இந்த மாவட்டத்தில் வீடு கட்டிக்கொடுக்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். போர் வண்டிக்குப் பக்கத்தில் பல இரவுகள் நின்றிருக்கிறேன். நின்ற ஒவ்வொரு போருக்கும் எத்தனை அடி, எங்கே தண்ணீர் வந்தது, கேசிங் (மேல்மண் சரியாமல் இருக்கத் துளைக்குள் இறக்கும் பைப்) எத்தனை அடி என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது பழக்கம். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்த இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் போல மணல் அடுக்கில் ஊரெல்லாம் ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்கும் பூமி இல்லை நம்முடையது. கோவைக்குக் கீழே இருப்பது மிகப் பழைய கெட்டிப் பாறை. பெரும்பாலும் நைஸ் என்னும் பாறை வகை, சில இடத்தில் சார்னோகைட், சில இடத்தில் சிவப்போடிய கிரானைட், மதுக்கரைப் பக்கம் சுண்ணாம்புக்கல். மேலே மண், அதற்குக் கீழே உக்கிப்போன பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. உக்கிய பாறை ஸ்பாஞ்சு மாதிரி மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கெட்டிப் பாறையில் தண்ணீர் இருக்க ஒரே இடம் அதில் விழுந்திருக்கும் வெடிப்புகள்தான். போர்க்காரர்கள் இதை 'கேப்' என்பார்கள். உங்கள் மனையில் துளை இறங்கும் இடத்தில் அந்த கேப் குறுக்கே வந்தால் தண்ணீர். பத்தடி தள்ளிப் போயிருந்தால் வெறும் புழுதி. ஒரே தெருவில் ஒருவருக்கு 450 அடியிலும் இன்னொருவருக்கு 1,000 அடியிலும் கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

இதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நம் ஊரில் பலருக்கு இது பிடிபடுவதில்லை. ஆழம் போகப் போகத் தண்ணீர் கூடும் என்பது கெட்டிப் பாறைக்குப் பொருந்தாது. கீழே போகப் போக மேலிருக்கும் பாறையின் பாரம் அழுத்துவதால் வெடிப்புகள் இறுகும், எண்ணிக்கையிலும் குறையும். 800 அடிக்குக் கீழே நல்ல கேப் கிடைத்த போர்கள் என் நோட்டிலும் இருக்கின்றன. ஆனால் அவை குறைவு. அப்படியானால் ஏன் எல்லோரும் ஆயிரம் அடி பேசுகிறார்கள்? ஒரு காலத்தில் கமலை கட்டி இறைத்த திறந்த கிணறுகள் இருந்தன. அவை வற்றியதும் கிணற்றுக்குள்ளேயே சைடு போர் போட்டுப் பார்த்தார்கள். அதுவும் கை கொடுக்காத பிறகு ஆழ்துளைக்கு வந்தோம். மேலே இருந்த ஸ்பாஞ்சைப் பிழிந்து முடித்துவிட்டதால் கீழே மிச்சமிருக்கும் வெடிப்புகளைத் தேடிப் போகிறோம். அங்கே தண்ணீர் அதிகம் என்று யாரும் போவதில்லை.

மாவட்டத்துக்குள்ளேயே இது இடத்துக்கு இடம் மாறும். தொண்டாமுத்தூர், பேரூர்ப் பக்கம் மலையடிவாரம், நொய்யல் வண்டல் எல்லாம் இருப்பதால் அன்னூரோடு ஒப்பிடவே முடியாது. பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் ஓடுகிற பாசனப் பகுதிகளில் நிலத்தடித் தண்ணீர் வாய்க்காலோடு ஏறி இறங்கும். அன்னூர், சூலூரின் மேட்டுப் பகுதிகளுக்கும், பக்கத்துத் திருப்பூர் மாவட்டத்து அவிநாசிக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, குளமெல்லாம் வானம் பார்த்த குளம். அதனால்தான் அந்தப் பக்கத்து மக்கள் தலைமுறைக் கணக்கில் அத்திக்கடவு அவிநாசித் திட்டத்துக்காகப் போராடினார்கள். 1,916 கோடி ரூபாய்த் திட்டம் அது. 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைத்தார்கள். பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாக ஓடும் தண்ணீரில் 1.5 டிஎம்சியை ஏற்றிக் கொண்டுவந்து 1,045 குளம் குட்டைகளை நிரப்புவதுதான் திட்டம். உங்கள் மனைக்கு அரை மைல் சுற்றளவில் அப்படி நிரம்பும் குட்டை இருந்தால் அது பெரிய விஷயம். பக்கத்து போர்களில் 2024-க்கு முன்னால் கோடையில் தண்ணீர் எப்படி இருந்தது, அதற்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று இரண்டையும் கேளுங்கள். பழைய கதையை மட்டும் கேட்டுவிட்டு ஆயிரம் அடிக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டாம்.

அடுத்து, வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது. இதை யாரும் கணக்குப் போடுவதில்லை, நேராக "ரெண்டு இஞ்ச் வேணும்ங்க" என்று தொடங்கிவிடுகிறார்கள். நகர்ப்புறத்தில் ஓர் ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது அரசு திட்டமிடும்போது வைக்கும் அளவு. ஐந்து பேர் குடும்பத்துக்கு 675 லிட்டர். செடி, மாடு, விருந்தாளி எல்லாம் சேர்த்து ஆயிரம் லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது அந்த 'இஞ்ச்' என்றால் என்ன என்று பாருங்கள். முறையாக அளப்பவர்கள் போரிலிருந்து வழியும் தண்ணீரை ஒரு சிறு வாய்க்காலில் விட்டு, குறுக்கே வி வடிவத்தில் வெட்டிய தகடு ஒன்றை நடுவார்கள். அந்த வெட்டின் அடிமுனைக்கு மேல் எத்தனை இஞ்ச் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்பதுதான் கணக்கு. செங்கோண வெட்டாக இருந்தால் 1 இஞ்சுக்கு மணிக்கு 510 லிட்டர் வாக்கில் வரும். ஒன்றரை இஞ்ச் என்றால் 1,400 லிட்டர், 2 இஞ்ச் என்றால் 2,900 லிட்டர், 3 இஞ்ச் என்றால் ஏறத்தாழ 8,000 லிட்டர். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனால் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஐந்தரை மடங்குக்கு மேல் ஆகிறது. அதனால் "ஒண்ணே முக்கால் இருக்கும், ரெண்டுன்னு வெச்சுக்கங்க" என்று வாய் வார்த்தையாகச் சொல்வதை ஏற்கக் கூடாது. இன்னொரு குழப்பமும் இருக்கிறது. சிலர் இஞ்ச் என்று சொல்வது அந்தப் பருமனுள்ள பைப் நிறைய வரும் தண்ணீரை. இரண்டும் ஒன்றில்லை. எந்த இஞ்ச் என்று கேட்டுவிடுங்கள்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். அரை இஞ்ச் தண்ணீர் என்றால் மணிக்கு 90 லிட்டர். கேட்டால் சிரிப்பு வரும் அளவு. ஆனால் ஊற்று இரவு பகலாக ஊறும், 24 மணி நேரத்தில் 2,100 லிட்டருக்கு மேல் ஆகிவிடும். போரில் தண்ணீர் மட்டம் ஏற ஏற ஊறும் வேகம் குறையும் என்பதால் நடைமுறையில் அதில் பாதி என்று எடுத்தாலும் உங்கள் ஆயிரம் லிட்டர் வந்துவிடுகிறது. முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச் என்றால் ஒரு வீட்டுக்குத் தாராளம். அரை இஞ்ச் மட்டும் வந்ததால் 'ஃபெயில்' என்று போரை மூடிவிட்டு, இன்னொரு மூலையில் எண்பதாயிரம் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு வலிக்கும். தோட்டத்துக்கு வேண்டுமானால் 2 இஞ்ச், 3 இஞ்ச் தேட வேண்டும். வீட்டுக்கு வேண்டியது கொஞ்சமாக, நிற்காமல் வரும் ஊற்று. அதோடு அதைச் சேர்த்து வைக்க ஒரு சம்ப் (தரைக்கடித் தொட்டி).

துளையும் ஒரு தொட்டிதான். நம் ஊரில் வழக்கமான ஆறரை இஞ்ச் போரில் ஓர் அடிக்கு ஆறரை லிட்டர் நிற்கும். நாலரை இஞ்ச் என்றால் மூன்று லிட்டர் சொச்சம்தான். தண்ணீர் 250 அடியில் நிற்கிறது, மோட்டார் 550 அடியில் தொங்குகிறது என்றால் நடுவில் இருக்கும் 300 அடிக்கு 1,950 லிட்டர் தயாராக நிற்கிறது. "தண்ணி தேங்கி நிக்கட்டும், இன்னும் நூறு அடி போடலாம்" என்பார்கள். அந்த யோசனையில் அர்த்தம் உண்டு. ஆனால் நூறு அடிக்கு 650 லிட்டர்தான். ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்போது, 600 அடிக்குக் கீழே பதினைந்து இருபதாயிரம் கொடுத்துத் தொட்டி தோண்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். போர் கூலி அடிக் கணக்கு. ஆனால் எல்லா அடிக்கும் ஒரே விலை கிடையாது. முதல் 300 அடிக்கு ஒரு விலை, அதற்குப் பிறகு ஒவ்வொரு நூறு அடிக்கும் ஏறிக்கொண்டே போகும். துளை போட ஒன்றோடொன்று மாட்டி இறக்கும் இரும்பு ராடு ஒவ்வொன்றும் 20 அடி. ஆழம் கூடக்கூட ராடு மாட்டிக் கழற்ற நேரமாகும். அவ்வளவு ஆழத்திலிருந்து தூளையும் தண்ணீரையும் காற்றால் மேலே தள்ள கம்ப்ரஸர் டீசலைக் குடிக்கும். ஏற்றத்துக்கு நியாயம் இருக்கிறது. விலை டீசலோடு மாறும் என்பதால் இன்றைய விலையை நீங்கள் மூன்று இடத்தில் கேட்க வேண்டும். கணக்கு எப்படி ஓடும் என்று மட்டும் உருண்டை எண்களில் காட்டுகிறேன். முதல் 300 அடிக்கு அடி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த நூறுகளுக்கு 110, 120, 140, 160, 190, 220, 250. இதன்படி 500 அடிக்கு 53,000 ரூபாய். 700 அடிக்கு 83,000. ஆயிரம் அடிக்கு 1,49,000. ஆழம் இரண்டு மடங்கு, கூலி ஏறத்தாழ மூன்று மடங்கு. கடைசி நூறு அடிக்கு மட்டும் 25,000 ரூபாய். அதுவும் கேப் கிடைக்க வாய்ப்பு மிகக் குறைந்த நூறு அடி அது.

கூலிக்கு மேல் கேசிங் பைப் வரும், அடிக் கணக்கில் தனி விலை. மேல்மண்ணும் உக்கிய பாறையும் எத்தனை அடியோ அத்தனை அடி கேசிங். சில இடத்தில் 20 அடி போதும், சில இடத்தில் 80, 100 கூடப் போகும். இதை முன்கூட்டியே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக் கேசிங் அளவுதான் உங்களுக்குத் தோராயம். பிறகு வண்டி வந்துபோகும் செலவு, ஃப்ளஷிங் (துளையைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்வது) மணிக் கணக்கு, 200 அடியிலேயே நிறுத்தினாலும் 300 அடிக் காசு கொடுக்க வேண்டும் என்ற குறைந்தபட்சக் கூலி, ஜிஎஸ்டி சேர்த்தா தனியா என்பது. இவை எல்லாவற்றையும் வண்டி வருவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நம்மைச் சுற்றி ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை திருச்செங்கோட்டு வண்டிகள். இந்தியா முழுக்கவும் ஆப்பிரிக்கா வரைக்கும் போய் போர் போட்டுவிட்டு வருகிற ஊர் அது. தொழில் தெரிந்தவர்கள். ஆனால் நடுவில் ஏஜெண்ட் ஒருவர் இருப்பார், பேச்சு அவரோடு, வேலை வண்டிக்காரரோடு. அந்த இடைவெளியில்தான் தகராறு வரும், அதற்காகத்தான் தாள்.

மோட்டார், பைப், கேபிள், பேனல் போர்டு என்று இன்னொரு செலவு காத்திருக்கிறது. ஆழமான போரில் இது கூலிக்குச் சமமாகக்கூட வந்து நிற்கும். ஆயிரம் அடி போட்டால் ஆயிரம் அடிக்கும் பைப்பும் கேபிளும் வாங்க வேண்டியதில்லை. தண்ணீர் எந்த அடியில் வந்தது, எவ்வளவு உயரத்துக்கு ஏறி நிற்கிறது என்று பார்த்துத்தான் மோட்டாரை இறக்க வேண்டும். துளையின் அடியில் சேறு படியும் என்பதால் அந்த அடிமட்டத்திலிருந்து சில பத்து அடி மேலேயே நிறுத்துங்கள். மோட்டார் 600 அடியில் தொங்குவதால் 600 அடியிலிருந்து தூக்குகிறது என்று அர்த்தமில்லை. ஓடும்போது தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் கணக்கு. மட்டம் உண்மையாகவே 600 அடிக்கு இறங்கிவிட்டால் ஆயிரம் லிட்டர் ஏற்ற ஒன்றேகால் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகும். ஊற்று குறைவான போரில் நீர்மூழ்கி மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடி எரிந்துபோவதுதான் வழக்கமான விபத்து, அதனால் ட்ரை ரன் தடுப்பு உள்ள பேனல் கண்டிப்பாக வேண்டும். முக்கால் இஞ்சுக்கும் குறைந்த போருக்கு நான் இன்னும், மேலே இருந்து காற்றை அடித்துத் தண்ணீரைத் தள்ளும் கம்ப்ரஸரைத்தான் சொல்வேன். மின்சாரம் கூடுதலாகப் போகும், ஆனால் துளைக்குள் எரிவதற்கு ஒன்றும் இல்லை, மணல் வந்தாலும் தாங்கும்.

இப்போது போர் போடும் நாள். என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பணம் போகிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 கோடையில் ஊரே காய்ந்து கிடந்தது. சர்க்கார் சாமக்குளம் பக்கம் என் அக்கா வீட்டுக்கு போர். தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, ராத்திரி ஒன்பது மணிக்கு வண்டி ஓட்ட ஆரம்பித்தார்கள். 34 அடியில் பாறை, கேசிங் இறங்கியது. அதற்குப் பிறகு வெள்ளைப் புழுதி. நான் ஒவ்வொரு ராடுக்கும் ஒரு கை தூள் எடுத்து வரிசையாகச் செய்தித்தாளில் கொட்டி வைத்துக்கொண்டே இருந்தேன். பதினாறாவது ராடு வரை மாவு மாதிரி சாம்பல் நிறத்தூள். பதினெட்டாவதில் தூள் ஈரமாகி உருண்டை பிடித்தது. பத்தொன்பதாவது ராடு முடியும் நேரத்தில் சட்டென்று அரையடி இறங்கியது. வெளியே வந்த சில்லுகள் பெரிதாக இருந்தன. ஒரு பக்கம் துருப்பிடித்த மாதிரி செம்பழுப்புக் கறை. அந்தக் கறைதான் அடையாளம். தண்ணீர் காலகாலமாக ஓடிய வெடிப்பின் முகம் அது. அடுத்த நிமிடம் தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. 380 அடி. தகடு வைத்து அளந்தால் ஒரு இஞ்சுக்குச் சற்றுக் குறைவு.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். "இன்னொரு நூறு போட்டா ரெண்டு இஞ்ச் ஆயிரும்ங்க" என்றார் வண்டியில் இருந்தவர். மாமா என்னைப் பார்த்தார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். நூறு இருநூறாகி, முப்பத்திரண்டாவது ராடு தாண்டியபோது வெளியே வரும் தண்ணீர் மெலிந்தது. கீழே காய்ந்த வெடிப்பு ஒன்று, மேலே கிடைத்த தண்ணீரை அது குடிக்க ஆரம்பித்துவிட்டது. விட்டதைப் பிடிக்க 860 அடி வரை போனோம். விடியற்காலை நான்கு மணிக்கு நிறுத்தியபோது 380 அடியில் இருந்ததை விடக் குறைவான தண்ணீர். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை, எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். அந்த டீ இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அன்றைக்குப் பிறகு நான் யாருக்குக் கட்டிக்கொடுத்தாலும் வண்டி வரும் முன்பே மூன்று எண்களைத் தாளில் எழுத வைக்கிறேன். எவ்வளவு தண்ணீர் கிடைத்தால் நிறுத்துவது. தண்ணீரே இல்லாவிட்டால் எத்தனை அடியில் நிறுத்துவது. மொத்தப் பணத்துக்கு உச்சம் எவ்வளவு. உங்களுக்கு நான் சொல்வது, ஒரு இஞ்ச் கிடைத்ததும் கேப்புக்குக் கீழே 60 முதல் 100 அடி வரை போட்டு நிறுத்துங்கள், மோட்டார் தொங்கவும் தண்ணீர் தேங்கவும் அது போதும். அந்த நூறு அடியை ஓட்டும்போதும் கண் வெளியே வரும் தண்ணீரில் இருக்கட்டும், மெலிகிறது என்று தெரிந்ததும் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால், பக்கத்து போர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர் வந்த ஆழத்தைத் தாண்டி 150 அடி வரை பாருங்கள், அதோடு போதும். ராடை நீங்களே எண்ணுங்கள், ஒரு ராடுக்கு ஒரு கோடு. முடிந்ததும் கயிற்றில் கல் கட்டி இறக்கி அளந்துவிடுங்கள். பாறையைக் குடையும் முனையான பிட்டின் விட்டத்தையும் தொடங்கும் முன் அளக்கச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வண்டி ஊதும்போது வரும் தண்ணீரில் தேங்கியிருந்ததும் சேர்ந்து வரும். ஒரு மணி நேரமாவது விடாமல் ஊதவிட்டு, அதன் பிறகு தகடு வையுங்கள். மாதமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் போட்டால் எல்லா போரும் நல்ல போர்தான். சித்திரை, வைகாசியில் கிடைக்கும் தண்ணீரே உண்மையான தண்ணீர். வண்டிக்குக் கிராக்கி இருக்கும், விலையும் கொஞ்சம் கூடும், இருந்தாலும் முடிந்தால் கோடையில் போடுங்கள்.

எந்த இடத்தில் போடுவது? தேங்காய் வைத்துப் பார்ப்பவர், வேப்பங்குச்சி பிடிப்பவர் என்று இரண்டு பேரையாவது உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் என் நோட்டில் அவர்கள் பார்த்த இடத்துக்கும் பார்க்காத இடத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மின்தடை ஆய்வு அறிவியல் முறைதான். பூமிக்குள் மின்சாரம் செலுத்தி, உக்கிய பாறை எவ்வளவு ஆழம், எங்கே ஈரம் என்று கணிப்பார்கள். விவசாய நிலத்துக்கு வேளாண் பொறியியல் துறையே செய்து கொடுக்கிறது. ஆனால் 500 அடி ஆழம் பார்க்க அதைப்போல் பல மடங்கு நீளத்துக்கு ஒயரை இழுத்துக் கம்பி நட வேண்டும். 5 சென்ட் மனையில் அதற்கு எங்கே இடம்? பக்கத்தில் காலி நிலமோ நேரான மண் ரோடோ இருந்தால் செய்து பாருங்கள், இல்லாவிட்டால் அந்தக் காசு மிச்சம்.

மனை சின்னதாக இருக்கும்போது அக்கம்பக்கத்து போர்கள்தான் உங்களுக்கு ஆய்வு. குறைந்தது ஆறு வீடு. மொத்த ஆழத்தை மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது. எந்த அடியில் தண்ணீர் வந்தது, எந்த வருடம் போட்டது, கேசிங் எத்தனை அடி, மோட்டார் எந்த அடியில், போன சித்திரையில் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடியது. இந்த ஐந்தும் வேண்டும். 800 அடி போர் என்பார்கள், கிண்டிக் கேட்டால் தண்ணீர் வந்தது 410 அடியில் என்று தெரியும். மிச்சம் 390 அடி ஆசையில் போட்டது.

கேசிங் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பைப் கெட்டிப் பாறைக்குள் சில அடி உட்கார வேண்டும், சுற்றியுள்ள இடைவெளியைச் சிமெண்ட் கலவையால் அடைக்க வேண்டும். பெரும்பாலும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த வழியாகத்தான் செப்டிக் டாங்க் கசிவு உள்ளே இறங்குகிறது. செப்டிக் டாங்க்குக்கும் போருக்கும் 50 அடி இடைவெளி இருக்க வேண்டும். உங்கள் டாங்க்கை மட்டும் பார்க்காமல் பக்கத்து வீட்டு டாங்க் மதில் ஓரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 5 சென்ட்டில் இந்த 50 அடிதான் போர் எந்த மூலைக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்யும்.

தண்ணீர் கிடைத்ததும் ஒரு பாட்டில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நம் பக்கம் போர்த் தண்ணீர் 'உப்புத் தண்ணி'தான், குடிக்க நல்ல தண்ணி வேறு. இருந்தாலும் எண்கள் தெரிய வேண்டும். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தரக் குறியீடு. ஃப்ளோரைடு 1-க்குள், அதிகபட்சம் 1.5. கெட்டிப் பாறைத் தண்ணீரில் ஃப்ளோரைடு கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு, காய்ச்சினால் அது போகாது. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இந்த ஒரு எண்ணை மட்டுமாவது பார்த்துவிடுங்கள், பல்லையும் எலும்பையும் பாதிப்பது அது.

அனுமதி, பாதுகாப்பு. உச்ச நீதிமன்றம் 2010-இல் கொடுத்த வழிகாட்டுதல்படி போர் போடுவதற்கு 15 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் உங்கள் ஊராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகம். பதிவு செய்த வண்டியாக இருக்க வேண்டும். வேலை நடக்கும்போது சுற்றி வேலியும் பலகையும் வேண்டும். தண்ணீர் வராமல் போனால் துளையை அடிவரை கல், மண், களிமண் போட்டு நிரப்ப வேண்டும். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட துளைக்குள் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து, நான்கு நாள் தமிழ்நாடே தூங்காமல் கிடந்தும் காப்பாற்ற முடியவில்லை. சாக்குப்பை கட்டி மூடுவது மூடுவது ஆகாது. வண்டி கிளம்பும் முன் கேசிங் வாயில் கெட்டியான மூடி போட்டு இறுக்கி, உங்கள் கையால் ஒரு முறை ஆட்டிப் பாருங்கள்.

கடைசியாக மழைநீர். 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் இது கட்டாயம், ஆனால் பெரும்பாலும் பிளானில் மட்டும் இருக்கும். 1,000 சதுர அடி மாடி, வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை என்றால், ஆவியானது தெறித்தது போக 44,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். உங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை மாதத் தண்ணீர். போருக்குப் பக்கத்தில் குழி எடுத்து, ஜல்லி, மணல் அடுக்கி வடிகட்டி இறக்குங்கள். மாடித் தண்ணீரை நேராகப் போருக்குள் விடவே கூடாது. குப்பையும் பறவை எச்சமும் வெடிப்பில் போய் அடைத்தால் போரும் போச்சு, தண்ணீரும் கெட்டது. வீட்டு வேலையோடு சேர்த்துச் செய்தால் செலவு சொற்பம், பிறகு தரையை உடைத்துச் செய்தால்தான் காசு.

உங்கள் மனைக்குப் பக்கத்து ஆறு போர்களின் அந்த ஐந்து விவரமும் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள். நிறுத்த வேண்டிய அடியைச் சேர்ந்தே முடிவு செய்யலாம். 450 அடிக்காரரிடம் முதலில் போங்கள், அவரிடம் கேட்க வேண்டியது போன சித்திரையில் மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது என்பது.